ஒன்றரை முழத்தில் இரண்டு சுறா

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் வந்த ஒரு அக்கா என்னிடம் கேட்டது இது. மகளுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள். பச்சை உடம்புக்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கலாம் என்று காலையிலேயே கிளம்பியிருக்கிறார். கூடவே மகன் வழிப் பேரன், உயர்நிலை மூன்று படிக்கிற பையன். மீன்கடையில் பனிக்கட்டி மேல் இரண்டு வகைச் சுறா கிடந்தன. இரண்டும் ஒன்றரை முழம் இருக்கும். ஒன்றுக்குக் கூரான மூக்கு. மற்றதற்குத் தலை இரண்டு பக்கமும் சம்மட்டி மாதிரி விரிந்திருந்தது. "பாட்டி, சுறா எல்லாம் அழிஞ்சிட்டு வருது, வாங்காதீங்க" என்று பையன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். கடைக்காரர் சிரித்துவிட்டு, "தம்பி, ரெண்டும் சின்ன ஜாதிதான். பெரிய சுறாவைப் பிடிச்சாத்தான் தப்பு" என்றாராம். அக்கா எதையும் வாங்காமல் திரும்பிவிட்டார். "யார் சொல்றது சரி? ரெண்டுக்கும் ஒரே ஆபத்துதானா? இல்ல, ஒண்ணை வாங்கலாமா?" என்பது கேள்வி.

அக்கா, பேரன் சொன்னது பெரும்பாலும் சரி. இரண்டுமே ஆபத்தில் இருப்பவைதான், ஆனால் ஒரே அளவு ஆபத்து இல்லை. கடைக்காரர் சொன்னதுதான் தலைகீழ். நீங்கள் பார்த்த இரண்டில் ஒன்று சின்ன ஜாதி. மற்றது பெரிய ஜாதியின் கைக்குழந்தை. எந்த இனம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது, ஏன் குறைகிறது என்பதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது. மீன்களை அளந்து, எண்ணி, பெயர் எழுதுகிற வேலையில் பல வருடம் இருந்தவன் நான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கூரான மூக்குக்காரன் பெரும்பாலும் பால் சுறா. அந்தப் பேரில் நம் ஊர்ப் பக்கம் இரண்டு மூன்று சின்ன இனங்களைச் சேர்த்துக் கூப்பிடுவார்கள். ஆனால் உலகம் முழுக்க அந்தப் பெயருக்கு உரியது ரைசோபிரியோனோடான் அக்யூட்டஸ் என்கிற இனம். ஆங்கிலத்திலும் அதற்கு மில்க் ஷார்க் என்றே பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? இதைச் சாப்பிட்டால் தாய்க்குப் பால் ஊறும் என்று இந்தியக் கரையோரத்தில் இருக்கும் நம்பிக்கையிலிருந்துதான். நீங்கள் புட்டுக்காகத் தேடிப்போன காரணமே அந்த மீனின் ஆங்கிலப் பெயராகிவிட்டது. மேற்கு ஆப்பிரிக்கக் கரை தொடங்கி செங்கடல், இந்தியா, மலாக்கா நீரிணை, தென்சீனக் கடல், வட ஆஸ்திரேலியா வரை கரையோர மணலிலும் சேற்றிலும் வாழ்கிறது. வளர்ந்தால் ஒரு மீட்டர் சொச்சம். நம் பக்கக் கடலில் அதற்கும் கீழேதான் பார்க்க முடியும்.

சம்மட்டித் தலைக்காரனை நம் மீனவர்கள் கொம்பன் சுறா என்பார்கள். கொம்பன் என்றால் காளைக்கும் யானைக்கும் சொல்வதுபோல அதே கொம்பன்தான். இதிலும் பல இனங்கள் உண்டு. கரையோர வலைகளில் அதிகம் சிக்குவது ஸ்ஃபைர்னா லெவினி. நெற்றி விளிம்பு சிப்பி ஓரம் போல வளைந்து வளைந்து, நட்ட நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். ஸ்ஃபைர்னா என்றால் கிரேக்கத்தில் சம்மட்டி. இது 3 மீட்டரைத் தாண்டி, அபூர்வமாக 4 மீட்டர் வரை வளரும். தலை ஏன் அப்படி என்று கேட்பீர்கள். சுறாக்களுக்கு மூக்கைச் சுற்றித் தோலில் நுண்ணிய துளைகள் உண்டு. வேறு உயிர்களின் உடலில் ஓடும் சிறு மின்னோட்டத்தை அவற்றால் உணர முடியும். கொம்பனுக்கு அந்தத் துளைகள் அகலமான தலை முழுக்கப் பரவியிருக்கின்றன. மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையைக் கூட வயலில் உலோகம் தேடும் கருவி மாதிரித் தலையை ஆட்டி ஆட்டித் தேடிப்பிடிக்கும். குட்டி பிறக்கும்போது தலையின் ஓரங்கள் மிருதுவாக வளைந்து கொடுக்கும், தாய்க்குக் காயம் வராது. இயற்கை யோசித்துத்தான் வைத்திருக்கிறது.

இரண்டும் குருத்தெலும்பு மீன்கள். நம் காதுமடலில் இருப்பதே அவற்றின் எலும்புக்கூடு. அதனால்தான் வேகவைத்துத் தோலை உரித்தால் முள் இல்லாமல் பூவாக உதிர்கிறது, புட்டுக்கும் வாகாக அமைகிறது. கூடவே இன்னொரு விஷயம், இரண்டும் முட்டை இடுவதில்லை, குட்டி போடுகின்றன. அதுவும் நச்சுக்கொடி, தொப்புள்கொடி எல்லாம் வைத்து, தாயின் வயிற்றுக்குள் ஊட்டி வளர்த்துப் போடுகின்றன. பிறந்த குட்டியை மல்லாத்திப் பார்த்தால் இரண்டு மார்புத் துடுப்புகளுக்கு நடுவே ஒரு சின்னப் பிளவு தெரியும். அது தொப்புள் வடு. சில வாரங்களில் மூடிக்கொள்ளும். மார்க்கெட்டில் பனிக்கட்டி மேல் கிடக்கும் சுறாவில் அந்த வடு இன்னும் திறந்திருந்தால், அந்தப் பிள்ளை கடலில் நீந்தியது சில நாள், மிஞ்சிப்போனால் சில வாரம் என்று அர்த்தம்.

இப்போது அந்த ஒன்றரை முழத்துக்கு வருவோம். ஏறத்தாழ 70 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் சுறாவின் குட்டி பிறக்கும்போது 33 முதல் 50 செ.மீ. வரை இருக்கும். கொம்பன் லெவினியின் குட்டியும் கிட்டத்தட்ட அதே அளவுதான், 31 முதல் 57 செ.மீ. வரை. பிறக்கும்போது இரண்டும் ஒரே நீளம். அதற்குப் பிறகுதான் வழி பிரிகிறது. பால் சுறா 2, 3 வயதில் 70, 80 செ.மீ. எட்டிப் பருவத்துக்கு வந்துவிடும். கொம்பனில் பெண் 2 மீட்டரைத் தாண்டினால்தான் தாயாக முடியும். அதற்கு 15 வயதை ஒட்டி ஆகும், கடலுக்குக் கடல் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆக, உங்கள் கண் முன் கிடந்த இரண்டில் பால் சுறா பிள்ளை பெற்றிருக்கக்கூடிய வயதுக்காரி. கொம்பன் ஓரிரண்டு வயதுக் குழந்தை. கடைக்காரர் கண்ணுக்கு இரண்டும் ஒரே விலைச் சில்லறை மீன்.

சுறாவின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பேரன் கேட்பான், சொல்லிவிடுகிறேன். முதுகெலும்பின் ஒரு கணுவை மெல்லியதாக அறுத்து நுண்நோக்கியில் வைத்தால், மரத்தில் இருப்பது மாதிரி வளையங்கள் தெரியும். எண்ண வேண்டியதுதான். கேட்க எளிது. ஆனால் கொம்பனுக்கு ஆண்டுக்கு ஒரு வளையமா இரண்டா என்று ஆய்வாளர்கள் நெடுநாள் மல்லுக்கட்டினார்கள். இரண்டு என்று கணக்குப் போட்டால் மீன் பாதி வயதில் பருவமடைகிறது, கவலை பாதியாகக் குறையும். இன்று பெரும்பாலானவர்கள் ஒன்று என்ற பக்கம்தான் நிற்கிறார்கள். ஒரு எலும்பு வளையத்தை எப்படி எண்ணுகிறோம் என்பதில் ஓர் இனத்தின் தலையெழுத்து தொங்குகிறது பாருங்கள்.

ஒரு குழப்பம் வரும் இங்கே. பால் சுறா ஒரு ஈற்றில் போடுவது பெரும்பாலும் 2 முதல் 5 குட்டி, அதிகபட்சம் 8. கர்ப்பம் சுமார் ஒரு வருடம். கொம்பன் ஒரே ஈற்றில் 12 முதல் 40 குட்டி வரை போடும். நிறையப் பிள்ளை பெறுகிற குடும்பம்தானே நிலைக்க வேண்டும்? ஏன் கொம்பன் அதிக ஆபத்தில்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இது புரிவதற்காக நானே வைத்துக்கொள்ளும் எண், கடலில் அளந்தது இல்லை. ஒவ்வொரு வருடமும் நூற்றில் 75 சுறா வலைக்கும் வாய்க்கும் தப்பிப் பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பால் சுறாக் குட்டிகளில் 2 வருடம் கழித்து 56 மிஞ்சும். அவை பிள்ளை பெறத் தொடங்கிவிடும். அதே நூறு கொம்பன் குட்டிகளில் 15 வருடம் கழித்து மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று நாற்பது குட்டி போட்டால்தான் என்ன? அடுத்த 15 வருடத்துக்குள் அதுவும் கரைந்துவிடும். குட்டிகளின் எண்ணிக்கையைவிட, தாயாகும் வரை காத்திருக்கும் காலம்தான் பெரிய விஷயம். வலை இல்லாத காலத்தில் அந்தக் காத்திருப்பு கொம்பனுக்குச் சரியாக வந்தது. 30 வயதுக்கு மேல் வாழ்கிற மீன் அது, 15 வருடம் வளர்ந்துவிட்டு மீதிக் காலம் பிள்ளை பெற்றால் போதும். அதை வேட்டையாடும் பெரிய விலங்கும் அதிகம் இல்லை. வலை வந்த பிறகு அந்தக் கணக்கு தலைகுப்புற விழுந்துவிட்டது.

அது மட்டும் இல்லை. கொம்பனுக்கு அடி இரண்டு பக்கமும். தாய் கரைக்கு வந்து, ஆழம் குறைந்த கலங்கல் நீரில் குட்டி போட்டுவிட்டுப் போகும். குட்டிகள் அங்கேயே வளரும். பெரிய சுறாக்கள் வராத இடம் என்பதால் ஒரு காலத்தில் அது நல்ல தொட்டில். இப்போது கரையோர இழுவலையும் செவுள் வலையும் நாள் முழுக்கப் போகிற இடம் அதுவேதான். தப்பிப் பெரிதானவை ஆழ்கடலுக்குப் போகின்றன. அங்கே கடலடி மலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கில் கூட்டமாக வட்டமிடும். சபாவுக்கு வடமேற்கே லாயாங் லாயாங் தீவில் முக்குளிப்பவர்கள் இந்தக் காட்சியைப் பார்க்கத்தான் போகிறார்கள். கூட்டமாக இருப்பதால் நீளத் தூண்டில் கப்பலுக்கும் அது வசதி. ஒரே இடத்தில் நிறையக் கிடைக்கும். அதன் துடுப்பில் சீனர்களின் சுறாத்துடுப்பு சூப்புக்கு வேண்டிய இழைகள் நிறைய, அதனால் நல்ல விலை. தூண்டிலில் மாட்டினால் சீக்கிரம் செத்தும் போகும், ஏனென்றால் ஓடிக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குத் தண்ணீர் கிடைக்கும். மனசு இரங்கித் திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பலன் இல்லை.

சரி, உலகம் இவற்றை எங்கே வைத்திருக்கிறது? பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் கொம்பன் லெவினி 'மிக அருகிய இனம்'. காட்டிலோ கடலிலோ முற்றாக இல்லாமல் போவதற்கு முந்தைய கடைசிப் படி அது. 2019ல் வெளியான மதிப்பீட்டில்தான் அங்கே போனது, அதற்கு முன் ஒரு படி மேலே, 'அருகிய இனம்' என்று இருந்தது. பால் சுறா இப்போது 'அழிவாய்ப்பு இனம்', அதாவது கொம்பனைவிட இரண்டு படி மேலே. இரண்டும் 'அச்சுறுத்தலுக்கு உள்ளானவை' என்ற பெரிய கூடைக்குள்தான் வருகின்றன. அதனால்தான் பேரன் சொன்னது பெரும்பாலும் சரி என்றேன்.

இந்தப் படிகளைச் சும்மா ஒரு குழு உட்கார்ந்து கை தூக்கி முடிவு செய்வதில்லை. மூன்று தலைமுறைக் காலத்தில் எண்ணிக்கை எத்தனை சதவீதம் குறைந்தது என்பதுதான் முக்கிய அளவுகோல். 30 சதவீதம் குறைந்தால் அழிவாய்ப்பு, 50 என்றால் அருகியது, 80 என்றால் மிக அருகியது. கொம்பன் 80ஐத் தாண்டிவிட்டது. தலைமுறை என்ற சொல்லைக் கவனியுங்கள். கொம்பனுக்கு மூன்று தலைமுறை என்றால் ஏறத்தாழ 70 வருடம். உங்கள் அம்மா சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் கடலில் பத்து கொம்பன் இருந்தால் இன்று இரண்டுகூட இல்லை. பால் சுறாவின் மூன்று தலைமுறை அதைவிட மிகக் குறுகியது. உங்கள் பேரனின் ஆயுளோடு ஒப்பிடுகிற அளவு.

இங்கேதான் பால் சுறாவின் கதை எனக்கு அதிகக் கவலை தருகிறது. 2003 மதிப்பீட்டில் அது 'கவலை குறைந்த இனம்'. எங்கும் இருக்கிறது, சீக்கிரம் வளர்கிறது, சீக்கிரம் பெருகுகிறது, யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. 2020ல் மறுபடி பார்த்தபோது இரண்டு படி சறுக்கி அழிவாய்ப்பு நிலைக்கு வந்திருந்தது. நிறைய இருக்கிறது என்பதாலேயே யாரும் எண்ணுவதில்லை. இது வாழ்நாள் முழுக்கக் கரையோரத்திலேயே கிடக்கிற மீன். ஆழ்கடலுக்குத் தப்பி ஓடும் வழியும் அதற்கு இல்லை. கரையோரம் முழுக்க வலை என்றால் குட்டியும் சிக்கும், தாயும் சிக்கும், பாட்டியும் சிக்கும். பல நாடுகளில் மீன்பிடிப் பதிவேட்டில் 'சுறா' என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். எந்த இனம் என்று எழுத ஆள் கிடையாது. கொம்பனுக்கு அழகான தலை இருப்பதால் படம் எடுக்கிறார்கள், பேசுகிறார்கள், பள்ளியில் சுவரொட்டி வரைகிறார்கள். பால் சுறாவுக்குச் சுவரொட்டி யாரும் வரைவதில்லை.

ஆனாலும் ஒரு நல்ல பக்கம் உண்டு. வலையைக் குறைத்தால் பால் சுறா பத்துப் பதினைந்து வருடத்துக்குள் தேறி வர வாய்ப்பு இருக்கிறது. கொம்பனுக்கு இன்றே எல்லா வலையையும் நிறுத்தினாலும், இன்று பிறக்கும் குட்டி தாயாவதைப் பார்க்க உங்கள் பேத்தி உயர்நிலைப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். பன்னிரண்டு நாள் ஆன அந்தப் பிள்ளையைத்தான் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம், இதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. அருகி வரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கொம்பன் லெவினி 2013ல் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது, 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பால் சுறா 2022 நவம்பரில் பனாமாவில் சேர்ந்தது, 2023 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பால் சுறாவைத் தனியாக யாரும் முன்மொழியவில்லை. அதன் குடும்பத்தையே, கார்காரினிடே எனப்படும் 50க்கு மேற்பட்ட சுறா இனங்களையும், மொத்தமாகச் சேர்த்தார்கள். காய்ந்த துடுப்பையோ துண்டு மீனையோ பார்த்து சுங்க அதிகாரி இனம் பிரிக்க முடியாது, அதனால் கூட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவது. எனக்கு இது நல்ல முடிவாகவே படுகிறது.

இரண்டாம் பட்டியல் என்றால் தடை இல்லை. இதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஏற்றுமதி செய்யும் நாடு, இந்தப் பிடிப்பால் இனத்துக்குப் பெரிய கேடு வராது என்று சான்று தந்து அனுமதிப் பத்திரம் கொடுத்தால் வணிகம் செய்யலாம். சிங்கப்பூர் 1986ல் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இங்கே அதைப் பார்த்துக்கொள்வது தேசியப் பூங்காக் கழகம். பத்திரத்தோடு வந்த சுறாவைக் கடைக்காரர் விற்பதும் நீங்கள் வாங்குவதும் குற்றம் இல்லை. பேரன் காவல்துறையைக் கூப்பிட வேண்டியதில்லை என்று சொல்லுங்கள்.

சிங்கப்பூருக்கு இதில் பங்கு சின்னது இல்லை. நாம் பிடிப்பது கொஞ்சம்தான். ஆனால் உலகிலேயே அதிகம் சுறா பிடிக்கும் நாடான இந்தோனீசியா நம் பக்கத்து வீடு. ஜூரோங் மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன் மீன் இறங்கும்போது நின்று பார்த்தால் சுறாவும் திருக்கையும் சேர்ந்தே வரும். இது இறைச்சிக் கணக்கு. துடுப்புக் கணக்கு வேறு. மதிப்பின்படி பார்த்தால் ஹாங்காங்குக்கு அடுத்து உலகின் இரண்டாவது பெரிய சுறாத்துடுப்பு வணிக மையம் சிங்கப்பூர் என்று 2017ல் வந்த ஓர் அறிக்கை சொன்னது. சாப்பிடுவதைவிட வாங்கி விற்பது அதிகம். இங்குள்ள பேரங்காடிகளில் கோல்டு ஸ்டோரேஜ் 2011லும் ஃபேர்பிரைஸ் 2012லும் துடுப்பு விற்பதை நிறுத்தின. சீனக் கல்யாண விருந்துகளில் இளைய தலைமுறை அந்த சூப்பை வேண்டாம் என்பதும் கூடிவருகிறது. நம் ஆட்கள் இதைக் கேட்டு, "நாம துடுப்பு சாப்பிடறதில்லையே, நமக்கு என்ன" என்று ஒதுங்கிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். துடுப்பு அங்கே போகிறது, உடம்பு நம் புட்டுக்கும் கருவாட்டுக்கும் வருகிறது. மீன் ஒன்றுதான்.

மார்க்கெட்டில் எப்படிப் பிரிப்பது? தலை இருந்தால் கேள்வியே இல்லை. கொம்பனிலேயே தலை மிக மிக அகலமாக, சிறகு விரித்த மாதிரி, உடல் நீளத்தில் பாதியை நெருங்கினால் அது வேறு இனம். அதுவும் அருகியதுதான், அதையும் விடுங்கள். தலையை வெட்டி முண்டமாக வைத்திருந்தால் முதுகைப் பாருங்கள். கொம்பனின் முதல் முதுகுத் துடுப்பு உடலுக்குப் பொருந்தாத உயரத்தில், குறுகலாக, அரிவாள் மாதிரி எழுந்து நிற்கும். பால் சுறாவுக்கு அது சாதாரண முக்கோணம். பின்னால் இருக்கும் இரண்டாவது முதுகுத் துடுப்பு பால் சுறாவுக்கு மிகச் சின்னது. அது அடியில் உள்ள மலவாய்த் துடுப்புக்கு நேர் மேலே தொடங்காமல் கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அப்புறம் மல்லாத்தி அந்தத் தொப்புள் வடு இருக்கிறதா என்று பாருங்கள். துண்டு போட்டுவிட்டால் என்னாலும் சொல்ல முடியாது, மரபணுச் சோதனை ஒன்றுதான் வழி. ஏற்கெனவே துண்டு போட்டு "பால் சுறாக்கா, நம்பி வாங்குங்க" என்று கொடுத்தால் நான் வாங்க மாட்டேன்.

ஆக, வாங்கலாமா? கொம்பன் வேண்டவே வேண்டாம், எந்த அளவாக இருந்தாலும். பால் சுறா விஷயத்தில், வருடத்தில் ஒருநாள் ஆசைக்கு வாங்குகிற பாட்டியை நான் திட்ட மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் இப்போது வேண்டாம் என்பேன், அதற்குக் காரணம் கடல் இல்லை, உங்கள் மகள். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்வது. அது தின்னும் ஒவ்வொரு மீனிலும் உள்ள கொஞ்சம் பாதரசம் அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சின்னக் குழந்தைகளும் சுறாவைத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே பட்டியல் போட்டிருக்கிறது. சின்னச் சுறாவில் பெரியதைவிடக் குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிறந்து பன்னிரண்டு நாள் ஆன குழந்தைக்கு அந்தப் பேரம் எதற்கு? யாருக்குப் பால் ஊற வேண்டும் என்று அந்தச் சுறாவுக்குப் பேர் வைத்தார்களோ, அவர்களைத்தான் இன்று முதலில் விலகச் சொல்கிறார்கள். விசித்திரமாகத்தான் இருக்கிறது.

பால் ஊறுவதற்கும் சுறாவுக்கும் தனித் தொடர்பு கிடையாது. பிள்ளை அடிக்கடி வாய் வைத்துக் குடிப்பதுதான் பால் ஊற வைக்கும். தாய்க்கு வேண்டியது நல்ல புரதம், போதுமான தண்ணீர், தூக்கம். தூக்கம் மட்டும் கிடைக்காது. புட்டில் பூண்டைத் தட்டிப் போட்டு, சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் எல்லாம் சேர்த்துச் செய்கிறோமே, அந்த ருசியை எந்த வெள்ளைச் சதை மீனிலும் கொண்டு வரலாம். சுறாவை முதலில் மஞ்சள் போட்டு வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுவது அதன் சதையில் இருக்கும் யூரியா வாடை போகத்தான். வேறு மீனுக்கு அந்த வேலையும் இல்லை.

கொடுவா வாங்குங்கள். இங்கே சீபாஸ் என்பார்கள், மலாய்க் கடையில் சியாக்காப் என்று கேட்டால் தருவார்கள். சிங்கப்பூர்க் கடலிலேயே கூண்டு கட்டி வளர்க்கிறார்கள். ஆவியில் வேகவைத்தால் சதை பெரிய பெரிய இதழாகக் கழன்று வரும், உதிர்த்துவிட்டு விரலால் ஒருமுறை துழாவி முள்ளை எடுத்துவிடுங்கள், சுறா அளவுக்கு அலட்சியமாக இருக்க முடியாது. பூண்டை வழக்கத்தைவிட ஒரு பிடி கூடப் போடுங்கள். தலையை வெட்டித் தரச் சொல்லாதீர்கள், முழுசாகவே வாங்கி வாருங்கள். மகளுக்குப் புட்டு ஆகும், பேரனுக்குத் தலைக்கறி ஆகும்.